கேளுங்கள், சொல்கிறேன்: கப்பலுக்குப் பின்னால் வரும் மண்ணெண்ணெய் மீன்

சென்ற இதழில், கடல் ஆமைக்குத் தான் பிறந்த கரைக்கு வழி எப்படித் தெரிகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, 'இருபத்திரண்டு வருடம் கப்பலில் பூமியின் காந்தத்தை அளந்தவன் நான்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இங்கே பூம்பாறையில் இப்போது பூண்டு அறுவடை. பகலில் தோட்டத்தை விட்டு நகர முடியவில்லை. ராத்திரி உட்கார்ந்து எல்லாக் கடிதங்களையும் படித்தேன். இந்த மாதம் முழுக்கக் காந்தம்தான்.

வத்தலக்குண்டு வாசகி: ஐயா, கப்பலே இரும்பு. அதற்குள் உட்கார்ந்துகொண்டு பூமியின் காந்தத்தை எப்படி அளந்தீர்கள்? எங்கள் வீட்டு பீரோ பக்கத்தில் திசைகாட்டியை வைத்தாலே முள் திரும்பிவிடுகிறதே?

அம்மா, எங்கள் தொழில் முழுக்க உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. காந்தத்தை அளக்கும் டெஸ்லா என்ற அலகில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோடெஸ்லா. எண்ணைப் பார்த்துப் பெரிது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம், அதன் மேல்பரப்பில் இதைவிட நூறு மடங்குக்கு மேல் வலுவானது. கடலுக்கு அடியில் கிடக்கும் பாறை இந்த 40,000ல் உண்டாக்கும் ஏற்ற இறக்கம் சில பத்துகளில் இருந்து சில நூறுகள் வரைதான். நாங்கள் தேடிப் போவது அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தை. போகும் வண்டியோ ஆயிரக்கணக்கான டன் இரும்பு.

அதுவும் சும்மா கிடக்கும் இரும்பு இல்லை. கட்டும் தளத்தில் மாதக்கணக்கில் ஒரே திசை பார்த்துக் கிடந்து, சம்மட்டி அடி வாங்கி அடி வாங்கி, பூமியின் காந்தத்தைக் கப்பல் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. எந்தத் திசை பார்த்துக் கட்டினார்களோ அது அதன் உடம்பில் பதிந்துவிடும். கூடப்பிறந்த கப்பல்கள் என்றாலும் ஒன்றின் காந்தம் மற்றதுக்கு வராது. மாலுமி பார்க்கும் திசைகாட்டிக்கு இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. திசைகாட்டியின் இரண்டு பக்கமும் இரும்பு உருண்டை, கீழே சின்னக் காந்தத் துண்டுகள் வைத்துக் கப்பலின் இழுப்பைச் சரிக்கட்டுவார்கள். இரும்புக் கப்பலில் காந்தம் வைத்துத் திசைகாட்டியைத் திருத்தும் வழியை ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1838லேயே செய்து காட்டினார். கப்பல் ஓட்ட அது போதும். 40,000ல் ஒன்றைத் தேடுகிறவனுக்குப் போதாது.

அதனால் நாங்கள் கருவியைக் கப்பலை விட்டு விலக்கி வைத்தோம். காந்தத்தின் வலு தூரத்தோடு மிக வேகமாக விழும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் எட்டில் ஒரு பங்கு. மூன்று மடங்கு போனால் இருபத்தேழில் ஒரு பங்கு. ஆகவே கப்பலின் நீளத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு கேபிளை விட்டு, அதன் நுனியில் கருவியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது வழக்கம். நூறு மீட்டர் கப்பலுக்கு முன்னூறு மீட்டர் கேபிள். நுனியில் இருப்பதை நாங்கள் 'மீன்' என்று சொல்வோம். ஃபைபரில் செய்தது, ஒரு ஆள் தூக்கிவிடலாம். வாலில் துடுப்பு உண்டு. ஒரு துளி இரும்பு கிடையாது, திருகாணி கூடப் பித்தளை.

மீனின் வயிற்றில் என்ன இருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். நான் முதல்முறை மூடியைத் திறந்தபோது எங்கள் அம்மாவின் திரி ஸ்டவ் வாசம் வந்தது. நடுக்கடலில், ஊரை விட்டு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்த வாசம் இன்னும் மறக்கவில்லை.

மண்ணெண்ணெய் எதற்கு? அதில் ஹைட்ரஜன் நிறைய. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் நடுவிலும் ஒரு புரோட்டான். அதை ஒரு குட்டிப் பம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், காந்தமும் உள்ள பம்பரம். பாட்டிலைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் இரண்டு மூன்று விநாடி பலமாக மின்சாரம் பாய்ச்சினால் பம்பரங்களில் ஒரு பகுதி சுருளின் திசைக்குச் சாயும். உடனே மின்சாரத்தை வெட்டிவிட வேண்டும். சாய்ந்த பம்பரம் தலையை வட்டமாக ஆட்டுமே, அதே மாதிரி அத்தனையும் சேர்ந்து பூமியின் காந்தத்தைச் சுற்றித் தலையாட்டும். ஆடும் வேகம் பூமியின் காந்தம் எவ்வளவோ அவ்வளவு. 40,000 நானோடெஸ்லா உள்ள இடத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 1,703 முறை. அந்த ஆட்டம் அதே சுருளில் மிக மெல்லிய மின் அதிர்வை உண்டாக்கும். அதைப் பெருக்கி எண்ணினால் போதும். அளவுகோல் தேய்ந்துவிட்டதா, முள் மட்டமாக இருக்கிறதா என்ற கவலையே இல்லை. உலகத்தில் எந்தப் புரோட்டானும் ஒரே கணக்கில்தான் ஆடும். 1954ல் வேரியன், பேக்கார்ட் என்ற இருவர் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைப் பூமியின் காந்தத்திலேயே கேட்டுக் காட்டினார்கள். கடலில் காந்தம் அளக்கும் தொழில் அதற்குப் பிறகு முழுக்க மாறிவிட்டது.

பழைய கருவியில் ஹெட்ஃபோன் மாட்டி அதைக் கேட்கவும் முடியும். கணீரென்று ஒரு விசில் கிளம்பி, இரண்டு விநாடியில் தேய்ந்து அடங்கும். மறுபடி மின்சாரம், மறுபடி விசில். ஆறு விநாடிக்கு ஒன்று. கப்பல் பத்து நாட் வேகத்தில், அதாவது மணிக்குப் பத்து கடல்மைல் போனால், விசிலுக்கு விசில் முப்பது மீட்டர் கடல் கடந்திருப்போம். ராத்திரி ஷிஃப்டில் காகிதச் சுருளில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். 39,870, 39,874, 39,881... எங்கோ நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு மலை எழும்புகிறது என்று அர்த்தம். வெளியே எட்டிப் பார்த்தால் இருட்டும் தண்ணீரும் மட்டும்தான்.

மீனை இறக்குவது தனி வேலை. கப்பல் வேகத்தைக் குறைக்கும். நம் மீனவர்கள் அமரம் என்று சொல்லும் பின்பக்கத்தில், சாரங் என்று சொல்லும் மேல்தட்டு மேஸ்திரியும் இரண்டு பேரும் நிற்பார்கள். வின்ச்சில் இருந்து கேபிள் மெதுவாகப் போகும். ஐம்பது மீட்டருக்கு ஒரு முறை வண்ண டேப் சுற்றியிருப்போம். ஆறாவது டேப் தண்ணீரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். ஒருமுறை, மீனவர் யாரோ விட்டுப்போன வலையில் கேபிள் சிக்கி, எண்கள் திடீரென்று கோணலாகி, பிறகு ஒன்றுமே வரவில்லை. இழுத்துப் பார்த்தால் நுனி அறுந்து வந்தது. மீன் போய்விட்டது. சாரங் அந்த நுனியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. கப்பல் நேர்கோடாகப் போய் அளக்க வேண்டிய மீதித் தடங்களை எல்லாம் உதிரி மீனை வைத்து முடித்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் பக்கத்துக் கடலுக்கே உரிய தொல்லை. இங்கே பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு மட்டமாக, தெற்கிலிருந்து வடக்காகக் கிடக்கின்றன. மீனுக்குள் சுருளை நீளவாக்கில் வைத்தால், கப்பல் வடக்கே போகும்போது சுருளும் அந்தக் கோடுகளோடு ஒரே திசையில் படுத்துவிடும். அப்போது பம்பரங்கள் ஏற்கெனவே அந்தத் திசையில்தான் சாய்ந்திருக்கும். சுற்றி ஆட எதுவும் இல்லை. விசில் செத்துவிடும். கிழக்கே போனால் நன்றாகக் கேட்கும், வடக்கே திரும்பினால் வெறும் இரைச்சல். நான் சேர்ந்த புதிதில் கருவி கெட்டுவிட்டது என்று பிரித்தே பார்த்துவிட்டேன். எங்கள் மூத்த விஞ்ஞானி வந்து ஒரு காகிதத்தில் இரண்டு அம்பு வரைந்து காட்டினார். வேறு மீனை எடுத்தோம். அதில் கம்பியை மெதுவடை மாதிரி, நடுவில் ஓட்டை விட்டு வளையமாகச் சுற்றியிருந்தது. வளையத்துக்கு எந்தத் திசையும் ஒன்றுதான், ஏதாவது ஒரு பக்கம் குறுக்கே இருந்தே தீரும். விசில் திரும்ப வந்தது.

ஊட்டி வாசகர்: கொடைக்கானல் மலையில் காந்தம் அளக்கும் நிலையம் இருந்தது என்று படித்தேன். கடலுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்? மலை உச்சியில் உட்கார்ந்து கடலை அளக்க முடியுமா?

கடலை அளக்க முடியாது. ஆனால் கடலில் அளந்ததைத் திருத்த மலை வேண்டும். இதை விரிவாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பூமியின் காந்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. சூரிய வெளிச்சம் மேல் காற்றை மின்சாரம் கடத்துவதாக மாற்றுகிறது. தரைக்கு மேலே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் பகல் முழுக்க மின்னோட்டம் ஓடுகிறது. காந்தக் கோடுகள் தரைக்கு மட்டமாகக் கிடக்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த நடுக்கோடு. அது போகும் இடங்களில் இந்த மின்னோட்டம் ஒரு குறுகிய வாய்க்கால் மாதிரி கூடி, மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும். எலக்ட்ரோஜெட் என்று 1951ல் சிட்னி சாப்மன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அதற்குப் பெயர் வைத்தார். அந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிப் பக்கமாகத்தான் போகிறது. தேசப்படத்தில் உள்ள நிலநடுக்கோடு வேறு, இது வேறு. கொடைக்கானல் அந்த வாய்க்காலின் அடியிலேயே இருக்கிறது. அதனால் இங்கே காலை ஏழு மணியில் இருந்து காந்தம் ஏறிக்கொண்டே போய், பதினோரு மணி, பன்னிரண்டு மணி வாக்கில் உச்சிக்கு வந்து, சாயங்காலம் இறங்கிவிடும். சில நாள் இந்த ஏற்றமே நூறு நானோடெஸ்லாவைத் தொடும்.

இப்போது கப்பலை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு இடத்தில் அளந்தோம், மத்தியானம் அறுபது கிலோமீட்டர் தள்ளி அளந்தோம். எண் நூறு கூடியிருக்கிறது. அடியில் பாறை மாறிவிட்டதா, மேலே வெயில் ஏறிவிட்டதா? கப்பலில் இருந்து சொல்லவே முடியாது. நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க அளக்கும் ஒருவர் கரையில் வேண்டும். அவர் எண் எவ்வளவு ஏறியதோ அதை எங்கள் எண்ணில் கழித்தால், மீதி இருப்பது பாறை. கரையில் இருந்து வெகுதூரம் போய்விட்டால் அந்தக் கழித்தலும் பொருந்தாது. அப்போது போன தடத்தையே வேறு நேரத்தில் குறுக்கே வெட்டிப் போய், ஒரே இடத்தில் இரண்டு எண்ணையும் ஒப்பிடுவோம். இரண்டு மீன்களை ஒன்றின் பின் ஒன்றாக இழுப்பதும் உண்டு. இரண்டுக்கும் மேலே ஒரே வெயில்தானே, வித்தியாசம் எடுத்தால் அது போய்விடும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல் தொடங்கியது, 2,343 மீட்டர் உயரத்தில். எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1909ல் சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டதும் அங்கேதான். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நில அளவைத் துறை நாடு முழுக்கக் காந்த அளவை எடுக்கக் கிளம்பியபோது, நகராமல் அளக்கும் நிலையங்களாக டேராடூன், கல்கத்தா பக்கத்து பாரக்பூர், பர்மாவின் டவுங்கூ, நம் கொடைக்கானல் ஆகியவற்றை வைத்துக்கொண்டார்கள். களத்தில் சுற்றியவர்களின் எண்ணை எல்லாம் இந்த நிலையங்களை வைத்துத்தான் திருத்தினார்கள்.

அளக்கிறவர் சாவி, கத்தி, பெல்ட் எல்லாவற்றையும் வெளியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பம்பாயில் 1841ல் இருந்து கொலாபாவில் நடந்த அளவையை, மின்சார டிராம் வரப்போகிறது என்பதற்காகவே கடல் தாண்டி அலிபாக்குக்கு மாற்றினார்கள். அங்கே 1904ல் வேலை தொடங்கியது. அதே கொலாபாதான் 1859 செப்டம்பர் 2ஆம் தேதி, சூரியனில் இருந்து வந்த பெரும் காந்தப் புயலில், 1,600 நானோடெஸ்லா அளவுக்குக் காந்தம் விழுந்ததைப் பதிவு செய்தது. யாரோ ஒருவர் அன்றைக்கும் வழக்கம்போல் வேலைக்கு வந்து, எண்ணைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தத் தாளைத் தேடிப் படிக்கிறார்கள். நகராமல் அளக்கும் நிலையங்களுக்குப் பணம் ஒதுக்கும்போது யாரும் கை நடுங்கக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான். ஒரு வருடம் விட்டுப்போனால் அந்த வருடம் திரும்ப வராது.

உங்கள் ஊரிலும் சூரியப் புயலைப் பிடித்திருக்கிறார்கள். ஊட்டியில் டாட்டா ஆய்வு நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறதே, அங்கே 2015 ஜூன் 22 அன்று இரண்டு மணி நேரம், விண்ணில் இருந்து வரும் அந்தக் கதிர் காற்றில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்கள் வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தன. அன்றைக்குப் பூமியின் காந்தக் கவசம் புயலில் பலவீனப்பட்டிருந்தது.

கோத்தகிரி வாசகர்: மலை மேல் வந்தால் காந்தம் குறையுமா?

குறையும், ரொம்பக் கொஞ்சம். கணக்குப் போட்டால் இரண்டு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 38 நானோடெஸ்லா. ஆனால் நம் மலைகளின் பாறையிலேயே காந்தத் தாது கலந்திருப்பதால், பத்தடி நகர்ந்தாலே அதைவிட அதிகமாக மாறலாம். நீலகிரியும் பழனி மலையும் சார்னோகைட் பாறை. மழை விட்டதும் ரோட்டோரச் சாக்கடையில் கறுப்பு மணல் வரியாகப் படிந்திருக்கும் இடத்தில், பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தை இழுத்துப் பாருங்கள். மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

பழனி வாசகி: வடக்கே தலை வைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் ரத்தத்தில் உள்ள இரும்பை இழுக்கும், அதனால்தான் பெரியவர்கள் தடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

எங்கள் வீட்டிலும் அம்மா விடமாட்டார். அம்மா சொன்ன காரணம் காந்தம் இல்லை, சாஸ்திரம். அந்த மரியாதை வேறு, அதை நான் தொடவில்லை. காந்தக் காரணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரத்தத்தில் உள்ள இரும்பு ஆணி இரும்பு மாதிரி இல்லை. ஹீமோகுளோபினோடு பிணைந்த தனித்தனி அணுக்கள். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் மிக மெலிதாகத் தள்ளத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் இயந்திரம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தத்தைப் போல் முப்பத்தேழாயிரம் மடங்கு. அதற்குள் அரை மணி நேரம் படுத்தவர் ரத்தம் தலைக்கு ஏறாமல்தான் எழுந்து வருகிறார். கப்பலில் எங்கள் கட்டில் சுவரோடு பொருத்தியது. ஒவ்வொரு தடமும் முடிந்து கப்பல் திரும்பும்போது என் தலையும் ஒரே ராத்திரியில் நாலு திசையும் சுற்றி வந்துவிடும். அப்படி இருபத்திரண்டு வருடம் தூங்கியிருக்கிறேன். காந்தத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம் அம்மா.

குன்னூர் வாசகர்: கப்பலில் இருந்து முதலில் அளந்தது யார்?

அளவையை ஒழுங்காக எழுதி வைத்தவர்களில் நமக்கு நெருக்கமானவர் ஜோவாவோ டி காஸ்ட்ரோ என்ற போர்ச்சுக்கீசியர். 1538ல் கோவாவுக்கு வந்த பயணத்தில், வடக்கு முள் உண்மை வடக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தார். ஒருநாள் கணக்கு ஒத்துவரவில்லை. தேடிப் பார்த்தால் திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு பீரங்கி. கப்பலின் இரும்பு முள்ளைக் கெடுக்கும் என்று எழுதி வைத்தார். வத்தலக்குண்டு அம்மா கேட்ட அதே கேள்வி, ஏறத்தாழ ஐந்நூறு வருடத்துக்கு முன்னால்.

வால்நட்சத்திர ஹாலி, 1698ல் இருந்து 1700 வரை பாரமூர் என்ற சின்னக் கப்பலில் அட்லாண்டிக் கடலில் இரண்டு முறை அலைந்து அளந்தார். விலகல் ஒரே அளவாக உள்ள இடங்களை ஒரு கோட்டால் இணைத்து 1701ல் படம் போட்டார். இன்று மழை வரைபடத்திலும் மலை வரைபடத்திலும் நாம் பார்க்கும் சம அளவுக் கோடுகளுக்கு அதுதான் முன்னோடி.

ஆனால் என் மனதில் எப்போதும் நிற்பது கார்னகி என்ற கப்பல். இரும்புதானே தொல்லை, இரும்பே இல்லாமல் ஒரு கப்பல் கட்டிவிடுவோம் என்று அமெரிக்காவின் கார்னகி நிறுவனம் 1909ல் மரத்தில் கட்டிய பாய்க்கப்பல் அது. ஆணிக்குப் பதில் மர முளையும் வெண்கல போல்ட்டும். நங்கூரம் வெண்கலம். நங்கூரச் சங்கிலிக்குப் பதில் சணல் வடம். சாப்பிடும் கரண்டி, முள்கரண்டிகூட வெள்ளி. எஞ்சினையும் முடிந்த மட்டும் வெண்கலத்தில் செய்தார்கள். மேல்தட்டில் கண்ணாடிக் கூரை போட்ட இரண்டு வட்ட அறைகள். அலையில் ஆடும் கப்பலில், ஆடாமல் தொங்கும் தாங்கியில் கருவியை வைத்து, ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்து அளக்க வேண்டும். மண்ணெண்ணெய் பாட்டில் வருவதற்கு முப்பது நாற்பது வருடம் முந்திய காலம். இருபது வருடத்தில் ஏழு நெடும்பயணம் போனது. 1911ல் கொழும்புக்கும் வந்தது. மாலுமிகள் நம்பிக்கொண்டிருந்த காந்த வரைபடங்களில் இருந்த பிழைகளை அது வரிசையாகத் திருத்தியது. ஒரு பாகை பிழை என்றால், அறுபது கடல்மைல் போனதும் கப்பல் ஒரு கடல்மைல் தள்ளி நிற்கும். இருட்டில் பாறை இருக்கும் கரையில் அது உயிர்.

1929 நவம்பர் 29. சமோவா தீவில் ஆப்பியா துறைமுகம். பெட்ரோல் ஏற்றிக்கொண்டிருந்தபோது வெடித்து, கப்பல் நீர்மட்டம் வரை எரிந்துபோனது. கேப்டன் ஜேம்ஸ் பெர்சி ஆல்ட் இறந்தார், கேபினில் வேலை செய்த ஒரு பையனும் இறந்தான். மரக்கப்பலாக இருந்ததால்தான் அது அளந்தது, மரக்கப்பலாக இருந்ததால்தான் அப்படி எரிந்தது. நாங்கள் இரும்புக் கப்பலில் பத்திரமாக உட்கார்ந்து மீனை மட்டும் வெளியே அனுப்பிய ஒவ்வொரு நாளும், ஆல்ட்டுக்கு இந்த மீன் கிடைக்காமல் போயிற்றே என்று நினைத்திருக்கிறேன். 1950களில் சோவியத் நாடு ஜார்யா என்ற மரக்கப்பலை இதே வேலைக்கு இறக்கியது. இப்போது பெரும்பாலும் மீன்தான், மேலே இருந்து செயற்கைக்கோளும்.

கூடலூர் வாசகர்: இவ்வளவு சிரமப்பட்டு அளந்து என்ன கிடைத்தது?

இந்தியா நகர்ந்து வந்தது என்பதற்குச் சாட்சி கிடைத்தது. கடலடி மலைத்தொடரின் நடுப்பிளவில் எரிமலைக் குழம்பு வந்து, ஆறி, இரண்டு பக்கமும் விலகிப் போகிறது. ஆறும்போது அன்றைய காந்தத் திசையைத் தனக்குள் பதித்துக்கொள்கிறது. பூமியின் காந்தமோ அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரண்டிருக்கிறது. கடைசியாக முழுக்கப் புரண்டது சுமார் 7,80,000 வருடத்துக்கு முன்னால். ஆகவே கடலடி முழுக்க நேர்க்காந்தம், எதிர்க்காந்தம் என்று மாறி மாறிப் பட்டை பட்டையாகக் கிடக்கிறது, ஜமுக்காளம் மாதிரி. வைன், மேத்யூஸ் என்ற இருவர் 1963ல் இதை விளக்கியபோது அவர்கள் கையில் இருந்த முக்கியமான அளவை நம் அரபிக்கடலின் தெற்கே உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் மேல் ஓவன் என்ற கப்பல் எடுத்தது. இலங்கைக்குத் தெற்கே உள்ள பட்டைகளை அகலம் பார்த்துக் கணக்கிட்டால், ஒரு காலத்தில் இந்தியா வருடத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் வடக்கே ஓடியதும், ஆசியாவை முட்டிய சுமார் ஐந்து கோடி வருடத்துக்கு முன்னால் வேகம் சட்டென்று குறைந்ததும் தெரிகிறது. நான் ராத்திரி பார்த்த எண்களில் சில அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. கடல்காரனுக்கு அது போதும்.

பண்ணைக்காடு, ஒன்பதாம் வகுப்பு மாணவி: தாத்தா, எங்கள் வீட்டில் கப்பலும் இல்லை, கருவியும் இல்லை. நான் எப்படி அளப்பது?

கண்ணு, பாட்டி ஸ்வெட்டர் பின்னும் ஊசி ஒன்று கேள். அலுமினியம் வேண்டாம், எஃகு ஊசியாக இருக்க வேண்டும். மெல்லிய பட்டு நூலை ஊசியின் நடுவில் கட்டித் தொங்கவிடு. இரண்டு பக்கமும் மட்டமாக நிற்கும் வரை முடிச்சை நகர்த்து. இதில் அவசரப்படாதே, மயிரிழை தள்ளினாலும் சாயும். முடிச்சில் ஒரு சொட்டு பசை வைத்துவிடு. காய்ந்ததும் ஒரு காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில், நாற்பது தடவை ஊசியைத் தேய். காந்தத்தைத் தூரமாக வைத்துவிட்டு ஊசியை மறுபடி தொங்கவிடு. அசைந்து அசைந்து வடக்கு தெற்காக நிற்கும். இப்போது பக்கவாட்டில் உட்கார்ந்து பார். ஏறத்தாழ மட்டமாகவே நிற்கும், வடக்கு நுனி இலேசாகத் தாழ்ந்திருக்கலாம். டெல்லியில் இதே ஊசி நாற்பது பாகைக்கு மேல் வடக்கே தலை குனியப் பார்க்கும். லண்டனில் அறுபத்தைந்துக்கும் மேல். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அது மட்டமாக நிற்பதுதான், காந்த நடுக்கோடு பக்கத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அடுத்து, அப்பாவின் அரிவாளைக் கேட்டு வாங்கி, ஊசிக்குப் பக்கத்தில் கொண்டு வரச் சொல். ஊசி திரும்பும். அப்புறம் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகச் சொல். ஒவ்வொரு அடிக்கும் ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று கீழே வைத்த காகிதத்தில் கோடு போடு. எத்தனையாவது அடியில் ஊசி அசையாமல் நின்றுவிடுகிறது என்று பார். அந்த அரிவாள்தான் உன் கப்பல், அந்த அடிதான் உன் கேபிளின் நீளம். காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை செய்து, காகிதத்தை எனக்கு அனுப்பு.